லூயிஷாமில் ஒரு வோல்ட் மீட்டர் மாட்டிய கதை

காலை 4.10. ஜனவரி மாசம். வண்டி சீட் மேல வெள்ளையா உறைபனி. ரெண்டு ஜோடி கையுறை, ஹெல்மெட்டுக்குள்ள குல்லா, எல்லாம் மாட்டிக்கிட்டு சாவியைத் திருப்பி செல்ஃப் பட்டனை அமுக்கினா... "டிக்". திரும்ப அமுக்கினா "டிக் டிக் டிக்". அவ்வளவுதான். மீட்டர் விளக்கு எல்லாம் மங்கலா ஒரு தடவை கண்ணடிச்சுட்டு அணைஞ்சு போச்சு.

ஊர்லன்னா கிக்கரை நாலு உதை விட்டிருப்பேன். இங்க இருக்கிற என் வண்டியில கிக்கரே கிடையாது. சரி, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னு செகண்ட் கியர்ல போட்டு, கிளட்சைப் பிடிச்சு, தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கிட்டு ஓடினேன். வியர்த்ததுதான் மிச்சம். அப்புறம்தான் தெரிஞ்சது, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிக்கு பெட்ரோல் பம்ப் ஓடவே கரண்ட் வேணும். பேட்டரி சுத்தமா செத்துட்டா தள்ளியும் பிரயோஜனம் இல்லை. கார்ப்பரேட்டர் வண்டி காலத்து அறிவை வச்சுக்கிட்டு நான் லண்டன்ல ஓடிக்கிட்டு இருந்திருக்கேன்.

கிரீனிச்ல எம்.எஸ்சி. படிக்கிறேன். டெர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரத்துக்கு மேல வேலை பார்க்கக் கூடாதுன்னு விசா சொல்லுது. அந்த 20 மணி நேரமும் எனக்கு சார்ல்ட்டன் பக்கம் ஒரு கிடங்குல, அஞ்சு மணி ஷிஃப்ட்ல. டி.எல்.ஆர். ஓட ஆரம்பிக்காத நேரம். அதுக்காகத்தான் பழைய 125 சிசி வண்டி ஒண்ணை வாங்கினேன். அன்னைக்கு நாற்பது நிமிஷம் லேட். சூப்பர்வைசர் சத்தம் போடலை, நோட்டுல எழுதிக்கிட்டார். இன்னும் ரெண்டு தடவை எழுதினா ஷிஃப்ட் வேற ஆளுக்குப் போயிடும்னு மட்டும் சொன்னார். வாடகையில பாதி அந்த ஷிஃப்ட்லதான் வருது.

(வண்டி எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க மக்களே. கதையைக் கடைசி வரை படிச்சா கம்பெனி மேல தப்பில்லைன்னு உங்களுக்கே தெரியும்.)

சரி, மேட்டருக்கு வருவோம். பேட்டரி போச்சுன்னு முடிவு பண்ணி புதுசு வாங்கி மாட்டினேன். மூணே வாரம். மறுபடி செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்குது, வயசான ஆள் மாடி ஏறுற மாதிரி. புது பேட்டரியும் படுக்குதுன்னா கோளாறு பேட்டரியில இல்லை. ஒண்ணு சார்ஜ் ஆகலை, இல்லேன்னா எங்கேயோ கரண்ட் கசியுது. ஆல்டர்னேட்டர் காயிலா, ரெகுலேட்டரா, ஒயரிங்கா? எதைத் தொட்டாலும் காசு. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா மாத்துற வசதி நமக்கு இல்லை.

அப்பாகிட்ட சொன்னப்ப அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆம்பியர் முள்ளு எந்தப் பக்கம் நிக்குது?"

அவர் கேட்டதுல தப்பில்லை. அவர்கிட்ட இருக்கிறது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். ஹெட்லைட் மண்டை மேல, ஸ்பீடோமீட்டருக்குக் கீழே, சின்னதா வட்டமா ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். முள் நடுவுல நின்னா வரவும் செலவும் சமம். பிளஸ் பக்கம் சாய்ஞ்சா பேட்டரிக்குள்ள கரண்ட் போகுது, மைனஸ் பக்கம் சாய்ஞ்சா பேட்டரியில இருந்து போகுது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியற கணக்கு.

புல்லட்காரங்களுக்கு அந்த முள் இன்னொரு வேலையும் செய்யும். பாயிண்ட் இக்னிஷன் இருந்த வண்டிகள்ல சாவியைப் போட்டுட்டு கிக்கரை மெதுவா அழுத்தும்போது, பாயிண்ட் மூடியிருக்கிற வரை முள் மைனஸ்ல நிக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லீவரை விட்டுட்டு, அப்புறம் முழுசா ஒரு உதை. இதைப் பார்க்காம உதைச்சா புல்லட் திருப்பி உதைக்கும். எங்க தெருவுல அப்படி முழங்கால் வீங்கினவங்க ரெண்டு பேரை எனக்கே தெரியும்.

இங்கிலாந்துல ரெட்டிச்ல பிறந்த வண்டி அது. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, அப்புறம் திருவொற்றியூர்ல தயாரானது. இங்கே அந்த டிசைன் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் நம்ம ஊர்ல அந்த முள் ஆடிக்கிட்டே இருந்துச்சு. ரெட்டிச்ல இருந்து ரயில்ல வர்ற தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு, என் வண்டியில அந்த முள் இல்லையேன்னு நான் ஏங்குறேன் பாருங்க... காலக்கொடுமை.

அப்ப ஏன் இப்போ ஆம்பியர் மீட்டர் வைக்கறதில்லை? அதுல வண்டியோட மொத்த கரண்ட்டும் (செல்ஃப் மோட்டார் இழுக்கிறது தவிர) மீட்டர் வழியா போயிட்டு வரணும். தடிமனான ஒயரை ஹேண்டில்பார் வரைக்கும் கொண்டு போகணும். அந்த ஒயர் எங்கேயாவது உரசி பாடியில பட்டா புகைதான். மீட்டர் திருகு லூஸானா வண்டியே நின்னுடும். வோல்ட் மீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. ரெண்டு மெல்லிசான ஒயர், ஒண்ணு பிளஸ், ஒண்ணு எர்த். மீட்டர் செத்தாலும் வண்டி ஓடும். ஆனா முள் மாதிரி நேரா "வரவா செலவா"ன்னு சொல்லாது. ஒரு நம்பரைக் காட்டும், அர்த்தம் நாமதான் கண்டுபிடிக்கணும்.

அந்த நம்பர்களை முதல்ல சொல்லிடறேன். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜ்ல, ராத்திரி முழுக்க சும்மா நின்ன பிறகு, 12.7 பக்கம் காட்டணும். 12.4-னா முக்கால் பங்கு. 12.2-னா பாதி. 12.0-க்கு வந்தா கால்வாசிதான் மிச்சம், குளிர்ல செல்ஃப் எடுக்கிறது சந்தேகம். அதாவது நிறைஞ்ச பேட்டரிக்கும் பாதி பேட்டரிக்கும் நடுவுல வெறும் அரை வோல்ட். எஞ்சின் ஓடும்போது, 4000 ஆர்.பி.எம். பக்கம், 13.8-ல இருந்து 14.5-க்குள்ள இருந்தா சார்ஜிங் ஒழுங்கு. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி வேகுது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் 13-ஐத் தொடலைன்னா காயிலோ ரெகுலேட்டரோ கோளாறு.

அரை வோல்ட்டுக்குள்ள ஒரு பேட்டரியோட ஜாதகமே அடங்கியிருக்குன்னா மீட்டர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்னு புரிஞ்சிருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஒரே ஒரு விளக்கு எரியுற வகை வேண்டாம். அது சிவப்பு காட்டும்போது நீங்க ஏற்கனவே தெருவுல நிப்பீங்க. சின்ன முள் வச்ச வகை பார்க்க அழகு, ஆனா 12.2-க்கும் 12.6-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கமாவது காட்டுற டிஜிட்டல்தான் சரி. பின்பக்கம் பிசின் ஊத்தி அடைச்சதா இருக்கணும், ஐபி 67-னு போட்டிருந்தா நல்லது. லண்டன் மழையை விட மோசமானது குளிர்காலத்துல ரோட்டுல தூவுற உப்பு. திறந்த சர்க்யூட் போர்டை ஒரே சீசன்ல பச்சை பூக்க வச்சுடும். நிறம்... நீல எழுத்து பகல்ல ஸ்டைலா இருக்கும், பிளாக்ஹீத் புல்வெளி நடுவுல விடியக்காலை இருட்டுல கண்ணைக் குத்தும். நான் சிவப்பு வாங்கினேன். ஒன்பது பவுண்டு. கூடவே பத்து பவுண்டுக்கு ஒரு மல்டிமீட்டர். இந்த ரெண்டாவது பத்து பவுண்டுதான் என்னைக் காப்பாத்தினது, அது பின்னாடி வருது.

யு.எஸ்.பி. சார்ஜரும் வோல்ட் மீட்டரும் ஒண்ணா சேர்ந்த டப்பாவும் விக்குது. ஒண்ணு கவனிங்க. இந்த மாதிரி மீட்டர்கள் 15, 20 மில்லியாம்ப் குடிக்கும். கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி தெரியும். நேரா பேட்டரியில கட்டிட்டு பத்து நாள் வண்டியை எடுக்கலைன்னா, 15 மில்லியாம்ப் கணக்குல 3.6 ஆம்பியர் ஹவர் காலி. என் வண்டி பேட்டரியே 6 ஆம்பியர் ஹவர்தான். வியாதியைக் கண்டுபிடிக்க வாங்கின மீட்டரே வியாதியாயிடும். அதனால சாவி போட்டா மட்டும் எரியற மாதிரிதான் கட்டணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே வேலை ஆரம்பம். கீழ் அறையில இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணா கிளாரண்டன் ரைஸ் சிவன் கோயிலுக்குப் போயிட்டு விபூதியோட வந்தவர் நின்னு பார்த்தார். "என்ன தம்பி, மோட்டச்சைக்கிளை முழுக்கக் கழட்டிப்போட்டீர்? திரும்பப் பூட்டத் தெரியுமோ?" தெரியும் அண்ணான்னு சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. நான் படிக்கிறது சப்ளை செயின் மேனேஜ்மென்ட்.

மீட்டரை ஹேண்டில்பார்ல கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். முதல்ல டபுள் சைடு டேப்ல ஒட்டிப் பார்த்தேன், குளிர்ல ஒரு மணி நேரத்துல கையோட வந்துடுச்சு. ஒயரை ஏற்கனவே இருக்கிற ஒயரிங் கட்டோட சேர்த்து டை போட்டுக் கட்டணும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கமும் ஒயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடணும். அந்த நீல நிற பிளாஸ்டிக் கிளிப் ஒண்ணு விக்கிறாங்களே, ஒயரை வெட்டாமலே கடிச்சுப் பிடிக்கும்னு... அதைத் தொடாதீங்க. உள்ளே ஒயர் இழைகளை வெட்டி, அந்தக் காயத்துல உப்புத் தண்ணி போய், ஆறு மாசத்துல புதுக் கோளாறு. ஈயம் பத்தவச்சு, மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் சுருக்கினா நிம்மதி.

பிளஸ் எங்கே எடுக்கிறது? பக்கத்துலயே ஹெட்லைட்டுக்குள்ள பார்க் லைட் ஒயர் இருந்துச்சு. சாவி போட்டா கரண்ட் வரும், சாவி எடுத்தா போயிடும். ரெண்டு இன்ச் தூரம். அதுலயே கட்டிட்டேன். சாவி போட்டதும் சிவப்பா நம்பர் வந்தப்ப, ஏதோ ராக்கெட் விட்ட சந்தோஷம்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். 4000-ல 13.4. ஹேண்டில் கிரிப் ஹீட்டரைப் போட்டேன் (முந்தைய ஓனர் மாட்டி வச்சுட்டுப் போன புண்ணியம்). 13.1. சந்தோஷம் போன இடம் தெரியலை. 14 வர வேண்டிய இடத்துல 13.1-னா காயில் போச்சா, ரெகுலேட்டர் போச்சா? போன்ல ரெகுலேட்டர் விலை பார்த்து, அறுபது பவுண்டுக்கு ஒண்ணைக் கூடையிலயும் போட்டுட்டேன்.

காசு கட்டறதுக்கு முன்னாடி திருச்சி சித்தப்பாவுக்கு வீடியோ கால். பாலக்கரையில ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. டைனமோ, செல்ஃப், காயில் கட்டறதுன்னு முப்பது வருஷ அனுபவம். விஷயத்தைக் கேட்டுட்டு அவர் பதட்டமே படலை.

"மீட்டருக்கு பிளஸ் எங்கடா எடுத்த?"

"பார்க் லைட்ல இருந்து சித்தப்பா."

"அப்ப அது பார்க் லைட்டோட வோல்ட்டுடா. பேட்டரிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? மல்டிமீட்டரை எடுத்து பேட்டரி போல்ட்டு மேலயே வை."

வச்சேன். 4000-ல, ஹீட்டர் போட்டபடியே, 13.9. ஹீட்டரை நிறுத்தினா 14.2. காயில் நல்லா இருக்கு, ரெகுலேட்டர் நல்லா இருக்கு. மீட்டரும் பொய் சொல்லலை. அது இருந்த இடத்துல உண்மையாவே 13.1தான் இருந்துச்சு.

நடுவுல காணாம போன 0.8 வோல்ட் எங்கேன்னு சித்தப்பா விளக்கினார். பேட்டரியில இருந்து ஃபியூஸ், சாவி சுவிட்ச், நாலஞ்சு கனெக்டர், அதுக்கப்புறம்தான் ஹெட்லைட். பத்து வருஷப் பழைய வண்டி, ஒவ்வொரு கனெக்டர்லயும் கொஞ்சம் துரு. எல்லாம் சேர்ந்து ஒரு ஓம்ல பத்துல ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், அது வழியா 8 ஆம்பியர் போனா 0.8 வோல்ட் அங்கேயே தங்கிடும். ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், கிரிப் ஹீட்டர் எல்லாத்துக்கும் அதே பாதைதான். லோடு ஏற ஏற அந்த இடத்து வோல்ட் இறங்கும். பத்தாங்கிளாஸ்ல படிச்ச ஓம் விதி, மார்க் வாங்க மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். சாவி சுவிட்ச் கனெக்டரைக் கழட்டிப் பார்த்தா உள்ளே பச்சையா பூத்திருந்துச்சு. பிரஷ் போட்டுத் தேய்ச்சு, காண்டாக்ட் கிளீனர் அடிச்சதுல 0.8 பாதியா குறைஞ்சது.

அப்புறம் மீட்டர் இணைப்பை மாத்தினேன். பேட்டரி பிளஸ்ல இருந்து தனி ஒயர், பேட்டரி பக்கத்துலயே 1 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து நாலு கால் ரிலேயோட 30-ஆம் கால். 87-ல இருந்து மீட்டர். 85 எர்த்துக்கு, 86 அந்தப் பழைய பார்க் லைட் ஒயருக்கு. பார்க் லைட் ஒயர் இப்போ ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும்தான், அளக்கிறது நேரா பேட்டரியை. மீட்டரோட எர்த்தும் பாடியில இல்லாம பேட்டரி மைனஸ்லயே கட்டியாச்சு. இப்போ மல்டிமீட்டர் 14.2 காட்டினா என் மீட்டர் 14.1 காட்டுது. அந்தப் புள்ளி ஒண்ணை மனசுல கூட்டிக்கிறேன்.

சரி, சார்ஜிங் நல்லா இருக்கு. அப்ப பேட்டரி ஏன் படுக்குது? கசிவு இருக்கான்னு பார்த்தேன். சாவியை எடுத்துட்டு, மைனஸ் ஒயரைக் கழட்டி நடுவுல மல்டிமீட்டரை ஆம்பியர்ல போட்டா ரெண்டு மில்லியாம்ப் கூட இல்லை. கசிவும் இல்லை.

பதிலை மீட்டர்தான் சொல்லுச்சு, ஒரு வாரம் எடுத்துக்கிட்டு. தினம் காலையில சாவி போட்டு, பம்ப் சத்தம் அடங்கினதும் வர்ற நம்பரை கிளாஸ் நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதினேன். என் வண்டியில ஹெட்லைட் எஞ்சின் ஓடினப்புறம்தான் எரியும், அதனால அது ஏறக்குறைய பேட்டரியோட ஓய்வு வோல்ட்தான். (ஓட்டிட்டு வந்து நிறுத்தின உடனே பார்த்தா 12.9, 13-னு காட்டும். அதை நம்பாதீங்க, மேலோட்டமான சார்ஜ் அது. காலையில இருக்கிறதுதான் நிஜம்.) திங்கள் 12.6. புதன் 12.4. வெள்ளி 12.2. படிக்கட்டு மாதிரி.

போற வழியிலயும் பார்த்தேன். லூயிஷாம் ஹில் ஏறி, பிளாக்ஹீத்தைத் தாண்டி, சார்ல்ட்டன் வரை பன்னிரண்டு நிமிஷம். ஹீட்டர் ஃபுல்லா இருக்கும். ஓடும்போது 13.9. ஆனா சிக்னல்ல நின்னா 12.4! ஐட்லிங்ல ஆல்டர்னேட்டர் தர்றதை விட ஹெட்லைட்டும் ஹீட்டரும் அதிகம் சாப்பிடுது, மிச்சத்தைப் பேட்டரி கொடுக்குது. 125 சிசியோட ஆல்டர்னேட்டர் சின்னது, ஹீட்டர் மட்டுமே மூணு, நாலு ஆம்பியர் இழுக்கும். செல்ஃப் எடுத்த கரண்ட்டைத் திருப்பிக் கொடுக்கவே குளிர்ல கொஞ்ச நேரம் ஓடணும். நான் ஓடுறதோ பன்னிரண்டு நிமிஷம், அதுல மூணு நிமிஷம் சிக்னல்.

ஆக, வண்டியில கோளாறே இல்லை. நான் தினமும் வரவுக்கு மேல செலவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். அப்பாவோட ஆம்பியர் முள் இருந்திருந்தா முதல் சிக்னல்லயே மைனஸ் பக்கம் சாய்ஞ்சு காட்டியிருக்கும்.

இப்போ சிக்னல் தெரிஞ்சாலே ஹீட்டரை அணைச்சுடறேன். விரல் உறையும், ஆனா வண்டி நிக்காது. வேலை முடிஞ்சு வரும்போது நேரா வீட்டுக்கு வராம ஷூட்டர்ஸ் ஹில் பக்கம் ஒரு சுத்து சுத்தி அரை மணி நேரம் ஓட்டறேன். வண்டியைத் தெருவுல நிறுத்துறதால சார்ஜர் ஒயர் போட வழியில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பேட்டரியைக் கழட்டி (மைனஸ் முதல்ல, மாட்டும்போது பிளஸ் முதல்ல) மாடிக்குத் தூக்கிட்டு வந்து 1 ஆம்பியர் சார்ஜர்ல போடறேன். முதல் தடவை கிச்சன்ல வச்சதுக்கு அண்ணா விட்ட டோஸ்: "சோறு சமைக்கிற இடத்தில பற்றரியை வைக்கிறீர், உமக்கு விசரே?" இப்போ அது என் அறை ஜன்னலோரம் இருக்கு.

கூடையில இருந்த ரெகுலேட்டரை எடுத்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாளும் லேட் இல்லை, நோட்டுல என் பேருக்கு நேரா ஒரே ஒரு கோடுதான். பழைய பேட்டரி மட்டும் மனசை உறுத்துது. அதை முழுசா சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கலாம். மறுசுழற்சிக்குக் கொடுத்தப்புறம்தான் இந்த ஞானம் எல்லாம் வந்துச்சு.

பின்குறிப்பு: பழைய வண்டி வாங்கப் போற ஜூனியர்களுக்கு. 2023 ஆகஸ்ட் 29-ல இருந்து யூலெஸ் லண்டன் முழுக்க. யூரோ 3 இல்லாத வண்டின்னா ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. 2007 ஜூலைக்கு அப்புறம் பதிவான வண்டியா பாருங்க, வாங்கறதுக்கு முன்னாடி நம்பரைப் போட்டு செக் பண்ணுங்க. பார்க்கப் போகும்போது அந்தப் பத்து பவுண்டு மல்டிமீட்டரையும் பையில போட்டுக்கங்க. விக்கிறவர் "நேத்துதான் சர்வீஸ்"னு சொல்லிக்கிட்டே இருக்கட்டும், நீங்க பேட்டரி போல்ட்டு மேல வச்சு 4000-ல ஒரு தடவை பார்த்துடுங்க.